டாலி இருக்கிறதே, அதுதான் யோசனை

வணக்கம் நண்பரே. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர் உள்ள கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம், கடைக் கணக்குக்கு டாலி, அப்பாவுக்கு யூடியூப், விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அதனால் அந்தக் கதவு உங்களுக்குச் சாத்திவிட்டது. குறுக்குவழியில் ஏற்றலாம்தான், ஆனால் கணக்கு வைக்கும் மெஷினில் நான் அதைச் செய்யமாட்டேன்.

அப்பாவுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் டாலி விண்டோஸுக்காக எழுதியது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் 'வைன்' வழியாக ஓட்டிப் பார்க்கலாம், ஓடினாலும் மார்ச் மாதக் கடைசியில் அது மக்கர் செய்தால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? அதனால் இப்போதைக்கு விண்டோஸ் 10-லேயே இருந்து, மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் (இஎஸ்யு) சேர்ந்துகொள்ளுங்கள், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

அதற்குள் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள் (கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், பென்டிரைவ் அப்படி). வைஃபை, சவுண்ட், முக்கியமாக பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நான் இதைப் பார்க்காமல் மாறி, பழைய லேசர் பிரின்டரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அப்புறம், ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால் முதலில் அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், பாதிப் புகார் அதிலேயே போய்விடும்.