முதல் வகுப்பில் ஊரைக் கேட்காதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் கௌரவ விரிவுரையாளராகச் சேர்கிறேன், பி.காம் முதலாண்டுக்கு முதல் நாள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கால அட்டவணை முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

அறிமுகப் படலத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர், ஊர், அப்பா வேலை கேட்டால், ஆளுக்கு முக்கால் நிமிடம், 60 பேருக்கு 45 நிமிடம். மணி அடித்துவிடும். அதுகூடச் சின்ன நட்டம். திருநெல்வேலிச் சீமையில் ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி 'ஊர்ல எந்தத் தெரு?' அதன் அர்த்தம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கள்ளமில்லாமல்தான் கேட்பீர்கள். பக்கத்து பெஞ்சு கணக்குப் போட்டுவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காருவது என்பதுவரை அங்கேயே முடிவாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. அது பள்ளிகளுக்குத்தான். கல்லூரிக்கும் முதல் மாதம் அதையே செய்யுங்கள் என்பேன். 'வளர்ந்த பிள்ளைகளை இப்படியா' என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆளுக்கு ஓர் அரைத் தாள் கொடுங்கள். இனிஷியலோடு பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த பிரிவு, தமிழ்வழியா ஆங்கிலவழியா, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம். இவ்வளவு போதும். ஊர் வேண்டாம், செல் நம்பர் வேண்டாம். தேவைப்பட்டால் அலுவலகத்தில் இருக்கிறது. எழுதி முடிக்கும்வரை ஜன்னலை ஒருக்களித்து வையுங்கள், ஆனிக் காற்று தாளை அள்ளிக்கொண்டு போகும்.

இனிஷியலை வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் பக்கத்து வகுப்பில் இசக்கிமுத்து மூன்று பேர், முத்துலட்சுமி நான்கு பேர் இருப்பது சாதாரணம். அதிலும் இசக்கியை ஆங்கிலத்தில் 'ஈ' போட்டு எழுதியவர் பட்டியலில் ஓரிடத்தில், 'ஐ' போட்டவர் வேறிடத்தில் இருப்பார். இனிஷியல் பார்க்காமல் வருகை போட்டால் ஒருவர் வராத நாள் இன்னொருவர் தலையில் ஏறும். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணும் இப்படித்தான் இடம் மாறுகிறது, தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்து, மதிப்பெண். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் கல்லூரியே போடும் அக மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. வருகை 75 சதவீதம் என்று மட்டும் சொன்னால் யார் மனதிலும் நிற்காது. 90 வேலை நாளில் 22 நாள் வரை விடலாம், 23 ஆனால் குறைந்துவிடும் என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஊர்க் கோயில் கொடை விழா, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், வீட்டு விசேஷம் எல்லாம் இந்த 22-க்குள்தான்.

உங்கள் கணக்கு வேறு. ஆறு நாள் கால அட்டவணைச் சுற்றில் 90 நாள் என்பது 15 சுற்று. சுற்றுக்கு 5 மணி என்றால் 75 மணி. ஆனித் தேரோட்டம், ஆடித் தவசு விடுமுறை, அகத் தேர்வு, ஐப்பசி கார்த்திகை மழை எல்லாம் கழித்து 60 மணி என்றே திட்டமிடுங்கள், பாடத்திட்டத்தின் ஐந்து அலகில் ஒவ்வொன்றுக்கும் 12. 75-ஐ நம்பினால் ஐந்தாவது அலகு நிச்சயம் தொங்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தியே ஆக வேண்டும். 'கடைக்காரர் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 2,000 ரூபாய் எடுத்தார். எந்தக் கணக்கில் பற்று (டெபிட்) வைப்பது?' அரைத் தாளின் பின்பக்கம் பதில் எழுதச் சொல்லுங்கள். எடுப்புக் கணக்கு, அதாவது முதலாளி சொந்தத்துக்கு எடுத்ததைக் காட்டும் கணக்கு, என்று எழுதியவர் கணக்குப்பதிவியல் படித்தவர். செலவுக் கணக்கு என்று எழுதினால் கடையையும் முதலாளியையும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் அதைத்தான் எழுதுவார்கள். அவர்கள் கால்வாசிக்கு மேல் இருந்தால் முதல் மூன்று மணியை, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவுக்கே ஒதுக்குங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. இங்கே கௌரவ விரிவுரையாளருக்கு அந்தத் தொகையும் இல்லை, மே மாதச் சம்பளமும் இல்லை. முதல் நாள் அப்படிச் செய், இப்படிச் செய் என்று ஆசிரியருக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

ராத்திரி அந்தத் தாள்களைப் பிரிக்கும்போது, காலை ஆறரைக்கு முன் கிளம்புகிறவர்களைத் தனியே எடுத்து வையுங்கள். செங்கோட்டை பாசஞ்சரை நம்பி வருகிறவர்கள் அதில் இருப்பார்கள். முதல் மணி உங்களுக்கு விழும் நாட்களில் வருகையைப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.