ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் நெஞ்சு படபடக்கிறதே டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே வரி: "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, டென்ஷன்தான்னு சொல்லிட்டாங்க." டென்ஷனாகவே இருக்கட்டும். அதைச் சொன்னதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு வருத்தம்.

வயது 34, பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்: ஷிப்மென்ட் நெருங்கினால் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவேனோ என்று பயம். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் நடிக்கிறேன் என்கிறாள் மனைவி.

நீங்கள் நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பேனிக் அட்டாக் போலத் தெரிகிறது. பயம் வந்ததும் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகம் பிடிக்கிறது. நீங்களும் மூச்சை அவசர அவசரமாக இழுத்து விடுகிறீர்கள். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கிவிடும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மூச்சு போதவில்லை என்று தோன்றும். உண்மையில் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்கும்.

அந்த நேரத்தில் உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேப்பர் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்வார்கள், வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் பாருங்கள், தைராய்டு கூடினாலும் ஹீமோகுளோபின் குறைந்தாலும் படபடப்பு வரும். அதிலும் ஒன்றுமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். பேச்சு வழி சிகிச்சைக்கும், தினமும் சாப்பிடும் மாத்திரைக்கும் இது நன்றாகவே கட்டுப்படும். மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரத்துக்கு மேலேயும் ஆகலாம். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துவது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுவது, குப்பென்று வியர்ப்பது, இவற்றை டென்ஷன் கணக்கில் எழுதாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயது 52, விருதுநகர் மாவட்டம்: சுகர் மாத்திரை தவறாமல் போடுகிறேன், சாப்பாடும் அதேதான். குழுக் கடன் தவணை கட்டும் நாள் நெருங்கினால் மட்டும் 240-ஐத் தாண்டுகிறது. கவலைக்குச் சுகர் ஏறுமா?

ஏறும். கவலையில் சுரக்கும் கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கூடினால், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது. ஓடவோ சண்டை போடவோ வேண்டிய ஆபத்தில் அது உதவும். தவணைக்காக யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு?

ஆனால் அம்மா, "சாப்பாடு அதேதான்" என்பதை நான் முழுசாக நம்பவில்லை. கோபப்படாதீர்கள். அந்த வாரம் தூக்கம் எவ்வளவு? காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் சேர்த்துச் சாப்பிட்டீர்களா? வெறும் டீயாக எத்தனை டம்ளர்? சுகர் எழுதும் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் ஒரு வரி எழுதுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்லும்; இந்த நோட்டுதான் எந்த நாளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏறிய அன்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள், கவலை தீர்ந்த மறுநாள் சுகர் தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

கடனுக்கு நான் மாத்திரை எழுத முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன் வாங்கியவரைப் போனில் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது.

கல்லூரி மாணவர், சேலம்: அம்மாவுக்கு டென்ஷனால் அல்சர் வந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

டென்ஷன் மட்டும் காரணமாக இருப்பது அரிது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு காரணம், மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. அம்மாவிடம் அதை விசாரியுங்கள். கவலை எரிச்சலைக் கூட்டும், அது வேறு விஷயம். மலம் தார்போல் கறுப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். எல்லாம் நான்தான். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன், பாலை அடுப்பில் வைத்தது மறந்துபோகிறது, எதிலும் ஆசையில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை. ராத்திரி நாலு முறை எழுந்து ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறவருக்குப் பால் மறந்துபோகத்தான் செய்யும். தூக்கம் துண்டு துண்டாகும்போது முதலில் போவது கவனம். கவனிக்காததை மூளை எப்படி நினைவில் வைக்கும்? ஆனால் "எதிலும் ஆசையில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக விடமாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அப்படி இருந்தால் அது அசதி மட்டுமில்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. தைராய்டும் பி12-ம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், ஒரு வேலையாவது உங்கள் தலையிலிருந்து இறங்கும். மனம் விட்டுப் பேச 14416, இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால் மறுநாளைக்குத் தள்ளாமல் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

வங்கி ஊழியர், மதுரை: ரிட்டயர் ஆன அப்பா தூக்கத்துக்கு அல்பிரசோலம் அரை மாத்திரை பல வருடமாகப் போடுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?

திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்; வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பார்த்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இந்த வயதில் என் பயம், மாத்திரையின் தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

மாணவி, கோவை: பரீட்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது போய் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பெரிய கவலைக்கோ காய்ச்சலுக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்று, திரும்ப முளைக்கும். இரும்புச்சத்தும் தைராய்டும் பாருங்கள். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். விலை கூடிய எண்ணெய் வாங்க வேண்டாம்.