வாசகர் கேள்வி – பதில்: எபிஸ்கோபல் ஆலயத்தில் வசந்த காலமும் தொண்டும்

அமெரிக்காவில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் திருச்சபையின் ஆலயங்களுக்குச் செல்கிற, அல்லது அவற்றின் அருகில் வசிக்கிற வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து காலம் தொடங்கி, ஈஸ்டருக்குப் பின் வரும் பெந்தெகொஸ்தே திருநாள் வரை அந்த ஆலயங்களில் வேலை மிகுந்திருக்கும். கடிதங்களும் பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியவையே.

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் நியூ ஜெர்சிக்கு வந்து, வீட்டுக்கு அருகிலுள்ள எபிஸ்கோபல் ஆலயத்துக்குப் போகிறோம். ஈஸ்டருக்கு முந்திய பரிசுத்த வாரத்துக்கு முன்பாக ஆல்டர் கில்ட் என்னும் பீடப் பணிக் குழுவில் சேரும்படி ஒரு மூதாட்டி என்னைக் கேட்டார். ஊரில் இவற்றையெல்லாம் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை பார்த்துக்கொள்வார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வந்து சில மாதங்களே ஆன நான் பீடத்துப் பொருள்களைத் தொடலாமா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தாராளமாகத் தொடலாம், சகோதரி. இந்த வாரமே அவரிடம் சம்மதம் சொல்லுங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தவற்றுள் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. இன்று தென்னிந்தியத் திருச்சபையும் எபிஸ்கோபல் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவை. ஆகவே நீங்கள் அங்கே வேற்றுச் சபையார் அல்லர். உங்கள் ஊர்ச் சேகரத்திலிருந்து (சபை வட்டாரத்திலிருந்து) மாற்றுக் கடிதம் வாங்கிக் குருவானவரிடம் கொடுத்துவிட்டால் பதிவேட்டிலும் பெயர் ஏறிவிடும். அந்தக் கடிதம் வரும்வரை பணியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கோயில்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் பல சிறிய சபைகளில் முழுநேரக் குருவானவர்கூட இல்லை. பீடம், தோட்டம், கணக்கு, சமையலறை அனைத்தும் சபையார் கைகளில்தான் இருக்கின்றன. எபிஸ்கோபல் திருச்சபையின் ஆராதனை முறை நூலான 1979-ஆம் ஆண்டின் ஜெப புத்தகத்தில் உள்ள, கேள்வி-பதில் வடிவிலான ஞானோபதேசம், திருச்சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லும்போது சபையாரை முதலில் வைத்து, அவர்களுக்குப் பின்னரே பேராயர்களையும் குருமார்களையும் உதவிக்குருக்களையும் குறிப்பிடுகிறது. அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த மூதாட்டி உங்களிடம் வந்து கேட்டதும் அதன் விளைவே.

வேலை என்னவென்று சொல்கிறேன். திருவிருந்துப் பாத்திரத்தைத் துடைக்கும் சிறு துணிகளை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். அந்த முதல் நீரைச் சாக்கடையில் விடாமல், நேரே மண்ணுக்குள் வடியும் தனித் தொட்டியிலோ ஆலயத்துத் தோட்ட மண்ணிலோ ஊற்றுவார்கள். திராட்சரசக் கறையைக் காட்டிலும் உதட்டுச் சாயக் கறை பிடிவாதமானது. அதற்கென்று குழுவில் ஒரு கைவைத்தியம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். துணி முழுதும் காய்வதற்குள், ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கில் மூன்றாகவும் மடிப்பார்கள். ஒன்பது கட்டங்களின் நடுவில், தைத்திருக்கும் சிலுவை மேலே தெரியும்படி வரும். அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் அடியில் விரிக்கும் சதுரத் துணியையோ உள்நோக்கி மடிக்க வேண்டும். அப்பத் துணுக்கு ஏதேனும் இருந்தால் அது கீழே சிந்தாமல் உள்ளேயே நிற்பதற்காக.

பரிசுத்த வாரத்தில் இந்த வேலை பன்மடங்காகும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய நாள் ஓலைகளைப் பிரித்துச் சிலுவைகளாக மடிப்பார்கள். நம் பக்கத்தில் ஓலை மடித்துப் பழகிய கைகள் உங்களுடையவை. இந்த ஒன்றில் நீங்கள் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு வெந்நீரும் தட்டும் துவாலைகளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆராதனை முடியும் வேளையில் விளக்கு மங்க, பல சபைகளில் 22-ஆம் சங்கீதம் ஒலிக்க, பீடத்திலிருந்து துணி, மெழுகுவர்த்தி, புத்தகம் என ஒவ்வொன்றாக அகற்றி வெறும் பலகையாகவோ கல்லாகவோ விட்டுவிடுவார்கள். அன்றிரவு ஒரு மணி நேரத்துக்கு ஒருவராக விழித்திருந்து ஜெபிப்பதற்கும் பல ஆலயங்களில் பெயர்ப் பட்டியல் வைப்பார்கள். பீடத்தைக் கழற்றும் குழுவில் ஒருமுறை நின்றவருக்கு, ஈஸ்டர் அன்று அதே பீடம் வெள்ளையும் பொன்னுமாக நிற்பதைக் காணும்போது ஏற்படும் உணர்வு, பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஈஸ்டர் லில்லித் தொட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அவை வந்து இறங்கியதும், ஒவ்வொரு பூவினுள்ளும் உள்ள மஞ்சள் மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்துவிடுவார்கள். அது துணியில் பட்டால் கறை எளிதில் போகாது. எடுத்துவிட்டால் பூவும் கூடுதலாகச் சில நாள் நிற்கும். மறைந்த உறவினர் நினைவாக இந்தத் தொட்டிகளுக்குப் பணம் கொடுத்தால் அவர்களுடைய பெயரை ஆராதனைத் தாளில் அச்சிடும் வழக்கம் உண்டு; உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் பெயரையும் கொடுங்கள். பண்டிகை முடிந்தபின் அவற்றை நடமாட முடியாத முதியோர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வீட்டில் பூனை இருந்தால் மட்டும் கொடுக்காதீர்கள். லில்லியின் எந்தப் பகுதியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். துணி மடித்துக்கொண்டே முதியவர்கள் பேசுவதைக் கேட்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் வகுப்பில் கிடைக்காத ஆங்கிலம் கிடைக்கும்; தவறு கண்டு நகைக்கும் கூட்டமும் அதுவன்று.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்திய இரவு ஆராதனையில் யாத்திராகமப் பகுதியை வாசிக்கும்படி என் கணவரைக் கேட்டிருக்கிறார்கள். தம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியுமோ என்று அஞ்சி மறுக்கப் பார்க்கிறார்.
— வாசகி, மேரிலாந்து

பதில்: மறுக்க விடாதீர்கள். அந்த இரவில் ஆலயத்துக்கு வெளியே புதுநெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய ஈஸ்டர் மெழுகுவர்த்தியை ஏற்றி, இருளில் பவனியாக உள்ளே வருவார்கள். ஜெப புத்தகம் அதற்கென ஒன்பது பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைத் தருகிறது. குறைந்தது இரண்டையாவது வாசிக்க வேண்டும், அவற்றுள் செங்கடலைக் கடந்த யாத்திராகமப் பகுதி கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது விதி. தவிர்க்கவே கூடாத பகுதியை உங்கள் கணவரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவர் உச்சரிப்பைக் கேட்டுப் பழகியவர்கள் யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள். வழக்கத்தைவிட மெதுவாக, வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். முன்னதாகவே ஒரு நாள் வெற்று ஆலயத்தில் ஒலிவாங்கியில் வாசித்துப் பார்ப்பது நல்லது. சிறு விளக்கின் வெளிச்சத்தில் வாசிக்க நேரும் என்பதால் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொள்வதும் உதவும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். எங்கள் தெருமுனையில் உள்ள எபிஸ்கோபல் ஆலயத்தில் வாரந்தோறும் உணவுப் பொருள் வழங்குகிறார்கள். நானும் உதவ விரும்புகிறேன். மதம் மாறச் சொல்வார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மேலும், நான் வேலை விசாவில் வந்த கணவரைச் சார்ந்து பெறும் எச்-4 விசாவில் இருக்கிறேன்.
— வாசகி, டெக்சஸ்

பதில்: ஆலய உணவு மையங்களில் பிற சமயத்தாரும் எச்சமயமும் சாராதவரும் பணிபுரிவது அமெரிக்காவில் சாதாரணம். நியூயார்க்கின் செல்சி பகுதியில் உள்ள ஹோலி அப்போஸ்தல்ஸ் என்ற எபிஸ்கோபல் ஆலயம் 1982-இல் ஏழைகளுக்கு உணவு பரிமாறத் தொடங்கியது. 1990-இல் தீ விபத்துக்குள்ளான அந்த ஆலயத்தைச் சீரமைத்தபோது, நிலையான இருக்கைகளைத் திரும்ப அமைக்காமல் விட்டார்கள். அதனால் ஆராதனை நடக்கும் அதே கூடத்தில் மேசை போட்டுப் பரிமாற முடிந்தது. பசித்து வந்தவரின் சமயத்தை அங்கே எவரும் விசாரிப்பதில்லை. அரசு தரும் உணவுப் பொருள்களைப் பெற்று விநியோகிக்கும் ஆலயங்கள், வருபவரை ஜெபத்தில் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. தொடங்குமுன் தொண்டர்கள் வட்டமாக நின்று சிறு ஜெபம் செய்யலாம். நீங்கள் அமைதியாக நின்றால் போதும்.

விசாவைப் பொறுத்தவரை, ஊதியமோ அதற்கு ஈடான பலனோ பெறாமல், வழக்கமாகத் தொண்டர்களே செய்யும் வேலையை ஓர் அறநிறுவனத்துக்குச் செய்வதற்கு வேலை அனுமதி தேவைப்படுவதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை, அலுவலகக் கணக்கு எழுதுவது போன்றவற்றை, இலவசமாகச் செய்து தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இத்தகைய மையங்களின் அலமாரியில் பருப்புப் பைகள் எடுப்பாரின்றித் தேங்குவதுண்டு. பலருக்கு அவற்றைச் சமைக்கத் தெரியாததே காரணம். ஒரு கோப்பைப் பருப்புக்கு எவ்வளவு நீர், எவ்வளவு நேரம், வெங்காயமும் தக்காளியும் எப்போது சேர்ப்பது என்று எளிய ஆங்கிலத்திலும், அப்பகுதியில் தேவையென்றால் ஸ்பானிய மொழியிலும் ஒரு அட்டையில் எழுதி அலமாரியில் தொங்கவிட்டால், உங்களால் மட்டுமே செய்யக்கூடிய உதவியாக அது இருக்கும்.

கேள்வி: ஈஸ்டர் முட்டை தேடும் விளையாட்டில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள முன்வந்தேன். என் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்றும் இணையத்தில் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த என்னைச் சந்தேகிப்பதாகவே படுகிறது.
— வாசகி, வர்ஜீனியா

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் சபை செய்வதே சரி. குழந்தைகளுடன் தொடர்ந்து பழகும் தொண்டர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும், எந்தப் பெரியவரும் தனியாக ஒரு குழந்தையுடன் இருக்கக் கூடாது, குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்ற விதிகள் எபிஸ்கோபல் மறைமாவட்டங்களில் உள்ளன. தெரிந்தவர், நல்லவர் என்ற நம்பிக்கையின் மறைவில்தான் திருச்சபைகளில் குழந்தைகளுக்குக் கொடுமைகள் நேர்ந்தன. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது காக்கும். உங்கள் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இதே சோதனையைக் கடந்தே வந்திருப்பார்கள்.

கேள்வி: கோவை மாவட்டத்தில் விவசாயம் செய்தவன் நான், இப்போது பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் நிரந்தரமாக இருக்கிறேன். ஆலயத் தோட்டத்தில் காய்கறி போட்டு உணவு மையத்துக்குக் கொடுக்கிறார்கள். சித்திரையிலேயே வெண்டையும் கத்தரியும் போடலாம் என்றால் பொறுங்கள் என்கிறார்கள். ரொகேஷன் ஞாயிறு அன்று தோட்டத்தை ஆசீர்வதிப்பார்களாமே, அது என்ன?
— வாசகர், பென்சில்வேனியா

பதில்: அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. பகலில் வெயில் இதமாக இருந்தாலும் இரவில் உறைபனி விழும் அபாயம் உங்கள் பகுதியில் பெரும்பாலும் மே நடுப்பகுதி வரை நீடிக்கும். வெண்டை விதை மண் நன்றாகச் சூடேறினால்தான் முளைக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் அழுகிப்போகும். ஏப்ரலில் பட்டாணி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி போடுங்கள். வெண்டையையும் கத்தரி நாற்றையும் மே இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்தால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவிடலாம்.

மண்ணைப் பரிசோதித்தார்களா என்று அவசியம் கேளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் கலப்பது 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. பழைய ஆலயச் சுவர்களிலிருந்து உதிர்ந்த பூச்சு சுற்றியுள்ள மண்ணில் கலந்திருக்கக்கூடும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு குறைந்த கட்டணத்தில் மண்ணைச் சோதித்துத் தரும். ஈயம் இருந்தால் சுவரை ஒட்டிப் பயிரிடாமல், மரப்பலகை அடைத்துப் புதுமண் நிரப்பிய மேட்டுப் பாத்திகளைப் பயன்படுத்த வேண்டும்.

கிறிஸ்து பரமேறிய திருநாளுக்கு முந்திய திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்றும் ரொகேஷன் நாள்கள். அவற்றுக்கு முந்திய ஞாயிறைப் பல சபைகள் தோட்ட ஆசீர்வாதத்துக்கு வைத்துக்கொள்கின்றன. 2026-இல் அந்த ஞாயிறு மே 10. ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சின் வியன் நகரப் பேராயர் மாமெர்ட்டஸ் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். இங்கிலாந்தில் அது ஊர் எல்லையைச் சுற்றி வரும் பவனியாக வளர்ந்தது. இப்போது சிலுவையை முன்னே ஏந்தி, பாத்திகளருகே நின்று, மண்ணுக்கும் மழைக்கும் உழைப்பவர்க்கும் ஜெபிக்கிறார்கள். 1979 ஜெப புத்தகத்தில் விளைச்சலுக்கு மட்டுமன்றித் தொழில் துறையில் உழைப்போருக்கும் படைப்பைப் பேணுவதற்கும் இந்நாள்களுக்கான ஜெபங்கள் உள்ளன. உங்கள் கையால் விதைத்த பாத்தியருகே பவனி நிற்கும்போது, தமிழில் ஒரு ஜெபம் சொல்ல அனுமதி கேளுங்கள். மகிழ்ந்து கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் ஆள்களைக் காணோம். இனி இலையுதிர் காலம்வரை தொண்டுக்கு வேலை இருக்காதா?
— வாசகர், ஓஹாயோ

பதில்: வேலை இருக்கிறது, ஆள்தான் இருக்காது. பண்டிகைக்கு முந்திய வாரம் உதவிக்கு வருபவர்கள் நெருக்கியடிப்பார்கள். அடுத்த வாரமே உணவு மையத்தில் பெட்டி தூக்க இருவர் மட்டும் நிற்பார்கள். ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள்கள் நீளும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே உங்களைப் போன்றவர்கள் இப்போதுதான் பெயர் கொடுக்க வேண்டும். சிறப்பாக ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை: பள்ளி மூடியவுடன் மதிய உணவு நின்றுபோகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அந்த மாதங்களில் உணவு மையங்களுக்குக் கூடுதலாக வருகின்றன, வழக்கமான தொண்டர்களோ விடுமுறைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். உங்கள் ஆலயத்தில் உணவு மையம் இல்லையென்றால் அருகிலுள்ள வேறு சபையினுடையதற்குப் போங்கள். மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை முடியும் என்றாலும் எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ஒருங்கிணைப்பவருக்குத் தேவைப்படுவது அந்த உறுதிதான்.