சம்பளம் 33,000 கூடுகிறது, வாடகை 28,000 கூடுகிறது: பெங்களூருக்குப் போகலாமா?

கேள்வி: திருச்சி கே.கே. நகரில் 11,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் கையில் வாங்கும் சம்பளம் 52,000. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனம் 85,000 தருவதாக அழைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும். வாரத்தில் 3 நாள் அலுவலகம் போக வேண்டும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீடு வாடகை 35,000, பராமரிப்பு 4,000, அட்வான்ஸ் 2 லட்சம் என்கிறார்கள். ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் சித்தி மகன், அங்கே 18,000-க்கே வீடு கிடைக்கும் என்கிறான். இன்னொருவர் 15 லட்சம் கொடுத்து லீஸுக்குப் போகச் சொல்கிறார். கையில் 9 லட்சம் இருக்கிறது, மீதிக்கு என் நகையை வைக்கலாம் என்று யோசிக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், அதில் மாதம் 8,000 வரும். எங்கள் இருவருக்குமே பெங்களூர் பழக்கமில்லாத ஊர். இந்த வாடகைக்குப் போவது சரியா?

பதில்: டியூஷன் வருமானத்தைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெங்களூர் போனால் அந்த 8,000 முதல் நாளே நின்றுவிடும். இப்போது உங்கள் குடும்ப வருமானம் 60,000. அங்கே போனால் 85,000. ஆக, உண்மையில் கூடுவது 25,000தான். வீட்டுச் செலவோ 11,000-லிருந்து 39,000 ஆகிறது, அதாவது 28,000 கூடுகிறது. தண்ணீர், பள்ளி வேன், திருச்சிக்கு வந்துபோகும் செலவு எதையும் சேர்க்காமலேயே மாதம் 3,000 ரூபாய் கையைக் கடிக்கிறது. அந்த 35,000 ரூபாய் வீட்டுக்குப் போக வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வேலையையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கணவரின் துறையில் அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று பார்த்தால் பெங்களூரில் வாய்ப்புகள் அதிகம். அதற்காக முதல் இரண்டு வருடம் மிச்சமே இல்லாமல் ஓட்டலாம், தப்பில்லை. சேமிப்பைக் கரைத்து ஓட்டுவதுதான் கூடாது. உங்கள் வருமானத்துக்கு நான் போடும் எல்லை 28,000. வாடகை, பராமரிப்பு, தண்ணீர், அலுவலகம் போய்வரும் செலவு நான்கும் இதற்குள் அடங்க வேண்டும். அப்போது வீட்டுக்காக 17,000 கூடும், 8,000 மிஞ்சும். பள்ளி வேனும் ஊருக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் அந்த எட்டாயிரத்தில் ஓடிவிடும். இங்கே மிச்சம் பிடிக்கும் அளவுக்கே அங்கேயும் பிடிப்பீர்கள்.

ஸ்ரீராமபுரம் இந்த எல்லைக்குள் தாராளமாக வருகிறது. மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்திலிருந்து ஊதாத் தடத்துக்கு மாறி ஒயிட்ஃபீல்டு போய்விடலாம். 2023 அக்டோபரில் ஊதாத் தடம் முழுமையாகத் திறந்த பிறகுதான் இது சாத்தியமாயிற்று. 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தியதில் அதிகபட்ச டிக்கெட் 90 ரூபாய் ஆனது. போகவர 180 என்றே வைத்தாலும், மாதம் 13 நாளுக்கு 2,340 ரூபாய். பணமாகப் பார்த்தால் இது பெரிய சுமை இல்லை. ஆனால் வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 39 மணி நேரம் பயணத்திலேயே போகும், ஏறக்குறைய ஐந்து வேலை நாட்கள். நிறுவனம் நாளைக்கு வாரம் 5 நாளும் வரச் சொன்னால் 66 மணி நேரம். ஆகவே அந்த 3 நாள் ஏற்பாடு வேலை நியமனக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் 5 நாள் கணக்கிலேயே வீடு தேடுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடங்கள். ஊதாத் தடத்தில் அல்சூரிலிருந்து பையப்பனஹள்ளி, கே.ஆர். புரம் வரை எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் சரி, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து வீட்டுக்குப் போக முடிய வேண்டும். ரோட்டை நம்பிப் பெங்களூரில் நேரம் சொல்ல முடியாது, ரயிலை நம்பிச் சொல்லலாம். அல்சூர், மர்பி டவுன் பக்கம் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அங்கே லிஃப்ட்டும் நீச்சல் குளமும் உள்ள அடுக்குமாடிகளை விட்டுவிட்டு, பழைய தனி வீடுகளில் மாடி போர்ஷன் தேடுங்கள். கார் நிறுத்த இடம் இருக்காது, அறைகள் சிறிதாக இருக்கும். ஆனால் பராமரிப்புக் கட்டணம் என்று தனியாக ஒன்று இருக்காது. இன்னொன்றும் உண்டு: அக்கம்பக்கம் பழகிவிட்டால் உங்கள் டியூஷனை அங்கே மறுபடி தொடங்கலாம். அந்த வருமானத்தை முதல் வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காவிரிக் கரையிலிருந்து போகிற உங்களுக்கு இது மனதில் பதிவது கஷ்டம். நான் பெங்களூரில் எடுத்த முதல் வீட்டை டிசம்பரில் பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. மார்ச்சில் போர்வெல் வற்றி டேங்கர் வர ஆரம்பித்தது, அந்தச் செலவை வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களுக்குப் பங்கு பிரித்தார். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் என்னால் எதுவும் பேச முடியவில்லை. 2024 கோடையில் நகரமே அப்படித் தவித்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒயிட்ஃபீல்டு போல பிற்பாடு நகரோடு சேர்ந்த பகுதிகள் அதில் ரொம்பவே சிரமப்பட்டன. அப்படிச் சேர்ந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் தெருவுக்குக் குழாய் வருவது வேறு, நீங்கள் பார்க்கும் வீட்டின் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் விழுவது வேறு. "காவேரி கனெக்‌ஷன் இருக்கிறதா, வாரம் எத்தனை நாள் வருகிறது, ஏப்ரலில் எத்தனை டேங்கர் வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பக்கத்து வீட்டிலும் அதையே கேளுங்கள்.

அடுத்தது லீஸ். நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதே ஏற்பாடுதான். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கணக்கு மட்டும் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். உங்கள் 9 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 5,250 வரும், அது நிற்கிறது. நகைக்கடன் 6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 4,500 வட்டி. இரண்டும் சேர்த்து 10,000-க்குள் ஒரு வீடு. நல்ல விவரமானவர்களே இதில் போய் மாட்டுவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஆபத்து முழுவதும் அசலில் இருக்கிறது. வீட்டுக்காரர் அந்த வீட்டின் மேல் வங்கியில் கடன் வாங்கியிருந்து, தவணை கட்டாமல் விட்டால், வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் உங்களால் உரிமை கோர முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன், வில்லங்கச் சான்றில் சில நேரம் தெரியாமலும் போகும். அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், பதிவு அலுவலகத்தில் பதியாமல் யாரும் லீஸுக்குப் போகக் கூடாது. வீட்டுக்காரர் முகத்தையே காட்டாமல் நடுவில் ஒருவர் பணம் வாங்குகிறார் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. புது வேலை, புது ஊர். ஆறு மாதத்தில் வேலை பிடிக்காமல் போகலாம், தெரு பிடிக்காமல் போகலாம். அப்போது 15 லட்சம் அங்கே கிடக்கும், கையில் அவசரத்துக்கு ஒரு ரூபாய் இருக்காது, நகையும் இருக்காது. முதல் வருடம் லீஸ் வேண்டவே வேண்டாம்.

சரி, ஜனவரியில் என்ன செய்வது? உங்கள் கணவர் மட்டும் போகட்டும். ஆண்டு நடுவில் மகளைப் பள்ளி மாற்ற வேண்டாம், அவள் தேர்வை எழுதி முடிக்கட்டும். அவர் ஒயிட்ஃபீல்டிலேயே ஒரு பி.ஜி. விடுதியில் தங்கலாம். சாப்பாட்டோடு 15,000 என்றே வைத்தாலும், திருச்சி வாடகை 11,000 சேர்த்து 26,000. இரண்டு இடத்தில் குடித்தனம் என்றால் செலவு கூடும் என்று தோன்றும். உங்கள் கணக்கில் அது 39,000 ரூபாய் வீட்டைவிட 13,000 குறைவு, டியூஷனும் நிற்காது. நான்கைந்து மாதம் பிரிந்திருப்பது லேசான விஷயம் இல்லை. குழந்தை அப்பாவைத் தேடுவாள், வீட்டு வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். இருந்தும் இதைச் சொல்லக் காரணம், தெரியாத ஊரில் வீட்டைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் அங்கே இருப்பதைப்போல வேறு வழி கிடையாது. அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பகுதியை நடந்து பார்க்கட்டும். பிடித்த வீட்டிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏப்ரலில் தண்ணீர் எப்படி என்பதும் தானாகவே தெரிந்துவிடும். பள்ளிகளை மட்டும் ஜனவரியிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள், பல பள்ளிகளில் சேர்க்கை அப்போதே தொடங்கிவிடும். கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் படித்தாக வேண்டும். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு அது வந்துவிடும், கோடை விடுமுறையிலேயே எழுத்தைத் தொடங்கினால் அவளுக்கு பயம் இருக்காது. நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள், வீடு தேடும்போதே அதன் பலன் தெரியும்.

இன்னும் சில சின்னச் செலவுகள். திருச்சியில் டவுன் பஸ்ஸில் நீங்கள் இலவசமாகப் போவீர்கள். கர்நாடகத்திலும் 2023 முதல் பெண்களுக்கு அந்த வசதி உண்டு, ஆனால் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி வேண்டும். 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு எண் உள்ள பைக்கை அங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து அந்த மாநில வரியும் கட்ட வேண்டும். மெட்ரோ பக்கத்தில் வீடு கிடைத்தால் பைக்கைத் திருச்சியிலேயே விட்டுவிடலாம். வாடகைக்கு வருமான வரியில் விலக்கு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் கிடையாது.

அட்வான்ஸைப் பேரம் பேசுங்கள். பத்து மாத வாடகை கேட்கும் வழக்கம் பெங்களூரில் நெடுநாளாக இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. மாநிலம் தன் சட்டமாக்கினால்தான் அது யாரையும் கட்டுப்படுத்தும், ஆனாலும் பேச்சுக்கு உதவும். வாடகை 24,000 என்று வைத்து ஐந்து மாத அட்வான்ஸுக்கு இறங்கினால்கூட, அதற்கு 1,20,000, புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, லாரி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 லட்சம் போய்விடும். பள்ளிக் கட்டணம் தனி. உங்கள் 9 லட்சத்தில் அது போக மிஞ்சுவதைத் தொடாமல் வைத்திருங்கள்.

ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்குப் போடுவார்கள். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்: டேங்கர் செலவு யாருடையது, ஆண்டுக்கு வாடகை எத்தனை சதவீதம் கூடும், நடுவில் காலி செய்தால் எத்தனை மாத நோட்டீஸ், போகும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள். ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் என்று பிடிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். "இன்றைக்கே பத்தாயிரம் டோக்கன் போடுங்கள், இல்லாவிட்டால் வீடு போய்விடும்" என்று போனில் யாராவது அவசரப்படுத்தினால், வீடு போனால் போகட்டும். உங்கள் கணவர் அந்த வாசலில் நின்று குழாயைத் திறந்து பார்த்த பிறகு பணம் போட்டால் போதும்.