மூன்று சைபர் போனதால் சம்பளம் குறைந்துவிட்டதா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்குப் பிறகு வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே குழப்பத்தைக் கேட்கின்றன: ஒரு நாடு தன் பணத்தில் சைபர்களை எடுத்துவிட்டால் நம் கணக்கு என்ன ஆகும்? இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

ஆம்பூர் வாசகி: என் மாமனார் ஜாம்பியாவில், லூசாகா நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு பெட்டியில் இருந்த கணக்கு நோட்டில் '2012, மாதச் சம்பளம் 40 லட்சம் குவாச்சா' என்று இருக்கிறது. இப்போது அதே ஊரில் இருக்கும் என் மச்சான் 15 ஆயிரம் குவாச்சாதான் வாங்குகிறார். இணையத்தில் பார்த்தால் ஒரு டாலருக்கு ஐயாயிரம் குவாச்சா என்று இருந்தது திடீரென்று ஐந்து குவாச்சா ஆகியிருக்கிறது. மாமனார் அவ்வளவு பணத்தை எங்கே வைத்தார் என்று வீட்டில் பேச்சு வளர்ந்து, அண்ணன் தம்பிக்குள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அம்மா, முதலில் அந்தப் பெரியவர் மேல் யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். அவர் எதையும் மறைக்கவில்லை.

ஜாம்பியா 2013 ஜனவரி 1 அன்று தன் பணத்தில் மூன்று சைபரை எடுத்தது. பழைய 1,000 குவாச்சா, புதிய 1 குவாச்சா. அதற்கு முந்தின நாள் வரை ஒரு டாலருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பழைய குவாச்சா, மறுநாள் ஐந்து சொச்சம் புதிய குவாச்சா. நீங்கள் இணையத்தில் பார்த்த 'திடீர்' மாற்றம் இதுதான், அன்று குவாச்சாவின் மதிப்பு ஆயிரம் மடங்கு ஏறிவிடவில்லை, எண்ணும் அலகு மாறியது, அவ்வளவே. கடையில் 5,000 குவாச்சா விலை போட்டிருந்த ரொட்டி 5 குவாச்சா ஆனது, சம்பளமும் அப்படியே ஆயிரத்தால் வகுக்கப்பட்டது, கடனும் வாடகையும் வங்கிக் கணக்கும் கூட அப்படித்தான்.

இப்போது மாமனாரின் 40 லட்சத்தைப் பார்ப்போம். அது புதிய கணக்கில் 4,000 குவாச்சா. அன்றைய டாலரில் 770-க்குக் கிட்டத்தட்ட, டாலர் அப்போது 54, 55 ரூபாய் இருந்ததால் நம் பணத்தில் சுமார் 42 ஆயிரம் ரூபாய். நல்ல சம்பளம்தான், ஆனால் அதில் குடும்பத்துக்கு அனுப்பியது போக, அங்கே வாடகையும் சாப்பாடும் போக, புதைத்து வைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. உங்கள் மச்சான் வாங்கும் 15 ஆயிரம் பழைய கணக்கில் ஒன்றரைக் கோடி! இரண்டு எண்ணையும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐந்து குவாச்சாவாக இருந்த டாலர் பிற்பாடு இருபதையும் தாண்டியது. அது சைபர் விவகாரம் இல்லை, அது நிஜமான வீழ்ச்சி. மச்சான் அனுப்பும் பணம் ரூபாயில் குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

நோட்டில் தேதி இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். 2013 ஜனவரியிலிருந்து ஜூன் கடைசி வரை அங்கே பழைய நோட்டும் புது நோட்டும் சேர்ந்தே புழங்கின. அந்த ஆறு மாதக் கணக்கில் '5,000' என்று எழுதியிருந்தால் அது எந்தக் குவாச்சா என்று அடுத்த வரியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராணிப்பேட்டை வாசகர்: தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பழைய ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். இஸ்தான்புல் வியாபாரி 2004-ல் அனுப்பிய பட்டியலில் விலை லட்சக்கணக்கில் இருக்கிறது, 2006 பட்டியலில் ஒற்றை இலக்கம். இரண்டும் லிரா. கூட்டினால் தொகை கன்னாபின்னாவென்று வருகிறது.

துருக்கி 2005 ஜனவரி 1 அன்று ஆறு சைபரை எடுத்தது. பத்து லட்சம் பழைய லிரா ஒரு புது லிரா. அதற்கு முன் ஒரு டாலர் சுமார் பதிமூன்றரை லட்சம் லிரா, அதன் பிறகு 1.35.

பெயரை நம்பாதீர்கள், ஒவ்வொரு பணத்துக்கும் வங்கிகள் எழுதும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பழைய லிராவுக்கு டி.ஆர்.எல்., புதியதற்கு டி.ஆர்.ஒய். சைபர் எடுக்கும் நாடுகள் வழக்கமாக இந்தக் குறியீட்டை மாற்றிக்கொள்கின்றன. ருமேனியா 2005 ஜூலையில் நான்கு சைபர் எடுத்தபோது ஆர்.ஓ.எல். போய் ஆர்.ஓ.என். வந்தது. உங்கள் மென்பொருளில் இரண்டையும் தனித்தனி நாணயமாகவே பதிவு செய்யுங்கள், 'லிரா' என்று ஒரே தலைப்பில் போடவே கூடாது. அந்தந்த பில் தேதியின் டாலர் விலையில் மாற்றி, பிறகுதான் கூட்ட வேண்டும்.

துருக்கியில் இன்னொரு பொறி உண்டு. 2005 முதல் 2008 வரை 'யெனி துர்க் லிராசி', அதாவது புதிய லிரா என்று இருந்த பெயரில் 2009 ஜனவரி 1 முதல் 'யெனி' எடுக்கப்பட்டது. அன்று சைபர் எதுவும் போகவில்லை, குறியீடும் மாறவில்லை. பெயர் மாறிவிட்டதே என்று 2009 கணக்கை மறுபடி வகுத்துவிடாதீர்கள்.

ஆறு சைபர் தவறினால் கண்ணிலேயே தெரியும், யாராவது கேட்டுவிடுவார்கள். எனக்குப் பயம் ஒரு சைபர் மட்டும் போகிற இடத்தில்தான். மவுரித்தேனியா 2018 ஜனவரியில் பத்துக்கு ஒன்று என்று மாற்றியது, டாலருக்கு 355 வாக்கில் இருந்த உகியா (அந்த நாட்டுப் பணம்) 35 வாக்கில் வந்தது. இரண்டு எண்ணுமே நம்பும்படி இருக்கும், தணிக்கையில்கூடத் தப்பிவிடும். மேற்கு ஆப்பிரிக்க வியாபாரிகள் உங்களுக்கு இருந்தால் அந்த ஃபைலை முதலில் எடுங்கள்.

காட்பாடி வாசகர்: எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஈரான் மாணவர், தன் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு தொமான் என்கிறார். இணையத்தில் தேடினால் ரியால்தான் வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. கணக்குப் புத்தகத்திலும் வங்கியிலும் ரியால், பேச்சில் தொமான். பத்து ரியால் ஒரு தொமான். அவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கிவிட்டு இணையத்தில் பாருங்கள்.

வேலூர், சத்துவாச்சாரி வாசகர்: 2016-ல் நோட்டு செல்லாது என்றார்களே, அது போல ஒரே இரவில் ரூபாயில் இரண்டு சைபரை எடுத்துவிட்டால் டாலர் ஒரு ரூபாய்க்குள் வந்துவிடுமே. ஏன் செய்வதில்லை?

செய்யலாம் சார், ஆனால் உங்கள் கையில் ஒரு பைசாகூட அதிகம் வராது. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அது 90 பைசா ஆகும், உங்கள் 30 ஆயிரம் சம்பளம் 300 ஆகும், பஸ் ஸ்டாண்டில் 12 ரூபாய் டீ 12 பைசா ஆகும். அமெரிக்காவிலிருந்து வாங்கும் பொருளுக்கு முன்பு எத்தனை நாள் உழைத்தீர்களோ அத்தனை நாள்தான் இப்போதும்.

மூன்று வேறு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2016 நவம்பர் 8-ல் அறிவித்தது பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்பது, ரூபாய் என்ற அலகு அப்படியே இருந்தது. 1966 ஜூன் 6-ல் நடந்தது மதிப்புக் குறைப்பு, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது, அது நிஜமாகவே பாக்கெட்டைத் தொட்டது. சைபர் எடுப்பது இந்த இரண்டும் இல்லை.

நமக்கு இதற்குக் கொஞ்சம் கிட்டே வந்த அனுபவம் 1957 ஏப்ரல் 1, நயா பைசா வந்த நாள். ரூபாய் மாறவில்லை, பதினாறு அணா என்றிருந்தது நூறு நயா பைசா ஆனது. நாலணாவுக்குச் சரியாக 25. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் வருகிறதே, கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் அட்டவணை போட்டார்கள், ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று. மூன்றணாப் பொருளை வாங்கியவர் கால் பைசா கூடக் கொடுத்தார், இரண்டணாப் பொருளை வாங்கியவருக்கு அரை பைசா லாபம். அலகு மாறும்போது உண்மையில் பணம் கைமாறுவது இந்த மாதிரி முழுமையாக்கும் இடத்தில்தான், அதுவும் சில்லறையாக வாங்கிச் சாப்பிடும் ஏழைகளிடம்தான் அது நடக்கும். சைபர் எடுப்பதைச் சும்மா ஒரு கணக்கு வேலை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

அப்புறம், சைபர் எடுத்தால் விலைவாசி அடங்காது. வெனிசுவேலா 2008-ல் மூன்று, 2018-ல் ஐந்து, 2021-ல் ஆறு என்று பதினான்கு சைபர்களை எடுத்தது. துருக்கி முதலில் பணவீக்கத்தை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சைபரைத் தொட்டது, பல வருடம் நின்றது, பிறகு விலைவாசி மறுபடி கை மீறியதும் 1.35-ல் இருந்த டாலர் இன்று 40 லிராவைத் தாண்டிவிட்டது.

குடியாத்தம் வாசகி: என் தம்பி லுங்கி வியாபாரத்தில் வந்த பணத்தைப் போட்டு ஈராக் தினார் 25,000 நோட்டு நான்கு வாங்கப்போகிறான். 'ஈராக் மூன்று சைபர் எடுக்கப்போகிறது, அன்று ஒரு தினார் மூன்று டாலர் ஆகும்' என்று ஒருவர் சொல்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டான். வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் உள்ள கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்களுடையதுதான்.

ஈராக்கில் மூன்று சைபர் எடுக்கும் பேச்சு பல வருடமாக இருக்கிறது, அது பொய் இல்லை. பொய் எங்கே என்றால், அப்படி எடுத்தால் பழைய 25,000 நோட்டுக்குப் புதிதாக 25 தினார்தான் தருவார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான். 25,000 என்ற எண்ணும் அப்படியே இருக்கும், ஒவ்வொரு தினாரும் மூன்று டாலரும் ஆகும் என்று இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது. 2023 பிப்ரவரியிலிருந்து அரசு விலை டாலருக்கு 1,300 தினார், ஆக அந்த நோட்டு ஒன்று பத்தொன்பது டாலர் பெறும். உங்கள் தம்பியிடம் கேட்கும் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜிம்பாப்வே நோட்டையும் காட்டுவார்கள், நூறு ட்ரில்லியன், நம் கணக்கில் கோடி கோடி டாலர். 2015-ல் அந்த நாடு பழைய பணத்தைத் திரும்ப வாங்கியபோது அந்த நோட்டு ஒன்றுக்குக் கொடுத்தது 40 அமெரிக்க சென்ட். நோட்டு சேகரிப்பவர்கள் இன்று அதற்கு மேல் கொடுக்கிறார்கள், அது வேறு.

வெளிநாட்டுப் பணத்தை ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே வாங்கலாம், விற்கலாம். தெருவில் வாங்கினால் நோட்டு கள்ள நோட்டாக இருந்தால்கூடப் புகார் சொல்ல முடியாமல் நீங்களே சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்பீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். போன் மூலம் அனுப்பிய பணம் என்றால் இன்றே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதியுங்கள், நாள் தள்ளத் தள்ள அந்தக் கணக்கில் பணம் இருக்காது.