எல்டன் ரிங் வீடியோ கேமில் எதிரியின் அடியைக் கேடயத்தால் தட்டிவிடுவது (பேரி) எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. பழகுவது எப்படி? பேசாமல் உருண்டு தப்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பேரிகூடச் செய்யாமல் இந்த விளையாட்டை முடித்தவர்கள் ஏராளம். ஆனால் ஆசை இருந்தால், கை வேகம் போதவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் தோற்பது தாமதத்தால் அல்ல, அவசரத்தால். எதிரி வாளை ஓங்கியதுமே பட்டனை அழுத்திவிடுகிறோம். அவன் ஓங்கியபடியே அரை நொடி நிற்கிறான். நம் கேடயம் காற்றைத் தட்டிவிட்டுத் திரும்பும் நேரத்தில் வாள் இறங்குகிறது.

பட்டனை அழுத்தியதும் உங்கள் இடது கை கேடயத்தை வெளிப்பக்கமாக வீசுகிறது அல்லவா? அந்த அசைவு முழுவதற்கும் பலன் கிடையாது. தொடக்கத்தில் சில ஃப்ரேம்கள் (திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்கள்) வெறுமனே கழிகின்றன. அதற்கடுத்த சில ஃப்ரேம்கள்தான் எதிரியின் ஆயுதத்தைத் தட்டும். மிச்சமெல்லாம் கை பழைய இடத்துக்குத் திரும்பும் நேரம், அப்போது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் ஒரு ஃப்ரேம் என்பது ஏறக்குறைய 17 மில்லி நொடி. ஆகவே வாள் உங்கள் மேல் படும் கணத்தில் அழுத்தினால் பிந்திவிடும், ஓங்கும்போது அழுத்தினால் முந்திவிடும். ஓங்கிய கை முன்னோக்கி நகரத் தொடங்கும் கணம்தான் உங்களுக்கு வேண்டியது. வாள் நுனியைப் பார்க்காமல் எதிரியின் தோளையும் முழங்கையையும் பாருங்கள். நுனி கண்ணை ஏமாற்றும்.

உருள்வதில் நன்றாகப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன் என்பதால், உருளல் நடப்பது விரலை எடுக்கும்போதுதான். பேரியோ அழுத்தியவுடனே தொடங்கிவிடும். உருளும் தாளத்திலேயே பேரி செய்தால் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. 2019இல் வந்த செகிரோ என்ற விளையாட்டை விளையாடிவிட்டு இங்கே வருபவர்களும் இதே போலத் தடுமாறுவார்கள். அங்கே தடுப்பதும் தட்டிவிடுவதும் ஒரே பட்டன். கொஞ்சம் முந்தி அழுத்திப் பிடித்திருந்தால் அது சாதாரணத் தடுப்பாக மாறி உங்களைக் காப்பாற்றும். எல்டன் ரிங்கில் அந்தக் கருணை கிடையாது.

கருவிக்கு வருவோம். பழகுவதற்குப் பக்லர் என்ற சிறு கேடயமே நல்லது. அதனுடன் வரும் பேரித் திறனில், தட்டும் ஃப்ரேம்கள் சாதாரணப் பேரியைவிடக் கூடுதல். பேண்டிட் என்ற பாத்திர வகுப்பில் தொடங்கியவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கும். மற்றவர்கள் ஸ்டார்ம்வீல் கோட்டை வாசலில் நிற்கும் காஸ்டாக்கிடம் வாங்கலாம். (அந்த ஆளை நம்பாதீர்கள், அது வேறு கதை.) நடுத்தரக் கேடயம்தான் வேண்டும் என்றால், பேரி என்ற ஆஷ் ஆஃப் வாரை (கருவியில் பொருத்தும் திறன்) ஸ்டார்ம்ஹில்லில் குடிசை போட்டிருக்கும் பெர்னால் விற்கிறார். பெருங்கேடயத்தில் பேரி செய்ய முடியாது. உங்கள் தொலைக்காட்சியில் கேம் மோட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளால் திரை பிந்தினால், எவ்வளவு பழகினாலும் பயனில்லை.

பழகும் இடம், விளையாட்டின் தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் கேட்ஃப்ரன்ட் இடிபாடுகள். அங்கே வாளேந்திய சாதாரணப் படைவீரர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே கிரேஸ் என்ற ஓய்விடமும் இருக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் எல்லோரும் உயிர்த்து வந்துவிடுவார்கள். ஒருவனை மட்டும் தனியே இழுத்து வாருங்கள். முதலில் அவன் வாள் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, அவன் வீசும்போதெல்லாம் பேரி பட்டனை அழுத்துங்கள். அடி விழாது, பதற்றமும் இருக்காது. உங்கள் கேடயத்தின் வீச்சும் அவன் வாளின் வீச்சும் ஒரே நேரத்தில் நடுவில் சந்திக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சந்திக்கத் தொடங்கியதும் ஓரடி நெருங்குங்கள். ஒரே எதிரி, ஒரே வகை வீச்சு. அது பழகும்வரை வேறெதையும் முயல வேண்டாம். தவறினால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள், பின்வாங்கிவிடுங்கள். எதிரி அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வீசுபவன் என்றால், முதல் வீச்சைக் கேடயத்தில் வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் தட்டுவது பலருக்கும் எளிதாக இருக்கிறது. முதல் வீச்சே தாளத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

தட்டியதும் எதிரி நிலைகுலைவான். அப்போது முன்னால் போய்ச் சாதாரண அடி பட்டனை அழுத்தினால் பெருங்குத்து விழும். மிசெரிகார்ட் என்ற குத்துவாளுக்கு இந்தக் குத்தின் மதிப்பு 140, பெரும்பாலான ஆயுதங்களுக்கு 100தான். ஸ்டார்ம்வீல் கோட்டைக்குள், கல்வாள் சாவி கேட்கும் ஓர் அறையில் அது இருக்கிறது.

அடுத்த தேர்வு ஸ்டார்ம்ஹில் எவர்கேல் என்ற சிறையில் அடைபட்டிருக்கும் குரூசிபிள் நைட் என்ற வீரன். வாள் வீச்சுகளைத் தட்டலாம். தரையை மிதித்து அதிர வைப்பதையும், முதுகிலிருந்து வால் முளைத்து அடிப்பதையும் தட்ட முடியாது. பொதுவாகவே மனித உருவத்தவன் ஆயுதத்தால் அடிப்பதைத் தட்டலாம். ராட்சதர்கள், டிராகன்கள், பிடித்து நசுக்கும் அடிகள் எல்லாம் உருண்டு தப்ப வேண்டியவை. இந்தப் பிரிவினை தெரியாமல்தான் பலர் தங்கள் நேரக்கணிப்பைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் மட்டும் இப்போதே போய்ப் பழகாதீர்கள். அவன் ஓங்கிய தடியை நிறுத்தி வைத்து இறக்குவது, வேகப்பந்து வீச்சாளர் அதே கை வீச்சில் மெதுவான பந்தைப் போடுவதைப் போன்றது. மட்டையை முன்னதாகவே சுழற்றிவிடுவோம். தவிர, அவன் நிலைகுலைய ஒரு பேரி போதாது, இரண்டு வேண்டும். மலேனியா என்ற இன்னொரு பெரிய எதிரிக்கு மூன்று. முதல் பேரி சரியாகவே விழுந்திருக்கும், எதிரி சாயாததால் தவறிவிட்டது என்று நினைத்துத் தாளத்தை மாற்றிக்கொள்வீர்கள்.

இவ்வளவும் செய்தும் பிடிக்கவில்லை என்றால், கார்டு கவுண்டரை முயலுங்கள். கேடயத்தில் அடியை வாங்கிய உடனே பலத்த அடி பட்டனை அழுத்தினால் போதும். நேரக்கணிப்பு அவ்வளவு கறாராக வேண்டியதில்லை, எதிரியின் நிலையும் சீக்கிரம் குலையும். கனமான வாள் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான்.