சுகர் காட்டுற வாட்ச், நம்பலாமா?

கேள்வி: சார், அப்பாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறார், விரல்ல குத்திக்கறதுன்னாலே முகத்தை சுளிக்கறாரேன்னு ஆன்லைன்ல ஒரு வாட்ச் வாங்கினேன், கையில கட்டினா போதும் சுகர் தெரியும்னு போட்டிருந்தாங்க. காலையில வெறும் வயித்துல வாட்ச் 112 காட்டுச்சு, குளுக்கோமீட்டர் 118. இனிமே குத்தறத விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க. கன்ட்ரோல்ல இருக்கறவருக்கு காலை சுகர் பெரும்பாலும் 100லேர்ந்து 130க்குள்ள தான் சுத்திட்டு இருக்கும், அதனால எப்ப கேட்டாலும் 115னு சொல்ற ஒரு டப்பா கூட அந்த நேரத்துல கரெக்ட் மாதிரி தான் தெரியும். வாட்ச் ஆப்ல வயசு, எடை, சுகர் இருக்கா இல்லையான்னு கேட்டிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க, அதை வச்சே ஒரு நம்பரை ஊகிச்சு சொல்லிடலாமே.

டெஸ்ட் பண்ணனும்னா சுகர் ஏறி இறங்குற நேரத்துல பண்ணுங்க. வெறும் வயித்துல, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல, ரெண்டு மணி நேரத்துல, நடந்துட்டு வந்ததும், இப்படி சில நாள். முதல்ல வாட்ச் நம்பரை எழுதிடுங்க, அப்புறம் கையை சோப்பு போட்டு கழுவி துடைச்சுட்டு குத்துங்க, மீட்டர் ரீடிங்கை மட்டும் ஆப்ல போட்டுடாதீங்க, அப்புறம் அது நாம சொல்லிக்குடுத்ததையே நமக்கு திருப்பி சொல்லும். எல்லாத்தையும் ஒரு கிராஃப்ல புள்ளி வச்சு பாருங்க, மீட்டர் 110லேர்ந்து 220க்கு போயிருக்கு, வாட்ச் 120 பக்கத்துலயே படுத்திருக்குன்னா அது எதையும் அளக்கல. டெஸ்ட்டுக்காக மாத்திரை நேரத்தை மாத்தறது, பட்டினி போட்டு சுகரை இறக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மீட்டரும் அச்சுப்பிசகாம சொல்லாது. 2013ல வந்த ஐஎஸ்ஓ 15197ங்கற, வீட்டு சுகர் மீட்டருக்கான சர்வதேச விதிப்படி, லேப் அளவோட ஒப்பிட்டா 100க்கு கீழ 15 பாயின்ட், 100லேர்ந்து மேல 15 சதவீதம், இதுக்குள்ள 95 சதவீத ரீடிங் வந்தா பாஸ். அதனால 112க்கும் 118க்கும் நடுவுல சண்டை இல்ல.

"99 சதவீதம் ஏ, பி மண்டலத்துல இருக்கு"ன்னு விளம்பரம் வந்தா மயங்காதீங்க. இது கிளார்க் கிரிட்னு 1987ல வந்த கணக்கு, கருவி காட்டுற தப்பு எவ்வளவு ஆபத்துன்னு பார்த்து ஏ-லேர்ந்து இ வரைக்கும் பிரிக்கும்: ஏ கிட்டத்தட்ட சரி, பி தப்பு ஆனா பெரிய ஆபத்தில்ல, டி-ன்னா ஆபத்தான சுகரையே கண்டுபிடிக்காம விட்டுடுது. அதுல உண்மையான சுகர் 70லேர்ந்து 240க்குள்ள எங்க இருந்தாலும், எப்பவும் 120னு சொல்ற கருவி ஏ இல்லன்னா பி-ல தான் விழும்! சுகர் 60 இருக்கும்போதோ, 240ஐ தாண்டும்போதோ 120 காட்டுச்சுன்னா தான் டி-க்கு போகும், ஆபத்தும் அங்க தான்.

ஏன் இவ்வளவு கஷ்டம்னா, சுகர் 100னா 100 மில்லி ரத்தத்துல 100 மில்லிகிராம், அப்படின்னா உடம்புல ஓடுற 5 லிட்டர் ரத்தத்துக்கே மொத்தம் 5 கிராம் தான் குளுக்கோஸ், தோல் மேல லைட் அடிச்சு அதை தனியா கண்டுபிடிக்கணும், நடுவுல தண்ணி, கொழுப்பு, புரதம் எல்லாம் அதே லைட்டை உறிஞ்சுது, போதாததுக்கு வியர்வை வேற. 2024 பிப்ரவரில எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு, தோலை துளைக்காம சுகர் பார்க்கிற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கலன்னு எச்சரிக்கையே விட்டுச்சு.

அப்பாவுக்கு விரல் நுனில குத்தாம பக்கவாட்டுல குத்தி பாருங்க, வலி கம்மி. டாக்டர்கிட்ட சிஜிஎம் சென்சார் பத்தி கேளுங்க, உடம்புல ஒட்டிக்கிட்டு சுகரை தொடர்ந்து அளக்குற கருவி அது, அதுலயும் மெல்லிசா ஒரு இழை தோலுக்குள்ள போகும், ரத்தத்தை விட சில நிமிஷம் லேட்டா தான் காட்டும், ஆனா அது நிஜமாவே அளக்குது. ஒருவேளை சுகர் இறங்கின மாதிரி அப்பாவுக்கு கை நடுங்கி வியர்த்துக் கொட்டும்போது வாட்ச் 110 காட்டுச்சுன்னா அதை பாக்காதீங்க, உடனே குத்தி பாருங்க, மீட்டர் கையில இல்லன்னா முதல்ல சர்க்கரை தண்ணி குடுங்க.